கறுப்புக் கட்டங்களோடு ஒரு படிப்பு

இணைய வகுப்பைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. பூதலூரில் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தபடி பேராசிரியரிடம் பாடம் கேட்போம் என்று நம் காலத்தில் நினைத்திருப்போமா? என் வருத்தம் பாடத்தைப் பற்றியது அல்ல. கூடப் படித்தவர்களைப் பற்றியது.

ஓய்வுக்குப் பிறகு பத்து வாரக் கல்வெட்டு வகுப்பு ஒன்றில் சேர்ந்தேன். எந்தக் கல்லூரி என்பது வேண்டாம். திரையில் நாற்பது பெயர்கள், நாற்பதும் கறுப்புக் கட்டங்கள். ஆசிரியர் கேள்வி கேட்டால் ஒரு சத்தமும் வராது. வருகைப் பதிவு என்றதும் எல்லோருக்கும் உயிர் வந்துவிடும்.

ஐந்து பேர் சேர்ந்து செய்யும் வேலை ஒன்று கொடுத்தார்கள். அவரவர் ஊர்ப் பக்கத்துக் கோயிலில் ஒரு கல்வெட்டைப் படித்து எழுத வேண்டும். நான் பஸ் ஏறித் திருக்காட்டுப்பள்ளி போய் வந்தேன். மற்ற நால்வரில் இருவர் இணையத்திலிருந்து ஒரே படத்தை எடுத்து அனுப்பினார்கள். ஒருவர் பதிலே போடவில்லை. இன்னொருவர், "சார், நீங்களே எல்லாருக்கும் சேர்த்து எழுதிடுங்க" என்றார். மரியாதையான பிள்ளைதான்!

இதில் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். பழைய கல்வெட்டில் பெரும்பாலும் புள்ளி இருக்காது. எகர ஏகாரமும், ஒகர ஓகாரமும் ஒரே மாதிரி இருக்கும். 'கொடு' என்பதா, 'கோடு' என்பதா? முன்னும் பின்னும் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். நான் ஒன்று சொல்ல, இன்னொருவர் மறுக்க, அந்தச் சண்டையில்தான் பாடம் இருக்கிறது. தனியாக உட்கார்ந்து நான் யாரோடு சண்டை போடுவது?

பிள்ளைகளை மட்டும் திட்டிப் பயனில்லை. 1979இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தொலைதூரக் கல்வி தொடங்கிய பிறகு, நம்மில் எத்தனை பேர் வேலை பார்த்துக்கொண்டே தபாலில் படித்தோம்! சொந்தச் சம்பளத்தில் பணம் கட்டினோம், ஆசைப்பட்டுப் படித்தோம். இன்றைய பிள்ளைகளில் பலர் ஆசைப்பட்டு வருவதில்லை. மதிப்பெண் கணக்கு நேராக வேண்டும் என்று கல்லூரி சொல்கிறது, வந்து சேர்கிறார்கள். மத்திய அரசின் 'ஸ்வயம்' பாடங்களிலிருந்து ஒரு பருவத்தில் 20 சதவீதம் வரை எடுக்கலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2016இல் அனுமதித்தது. 2021இல் அது 40 ஆனது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்தப் பாடங்களை நான்கு பகுதிகளாக அமைத்தார்கள்: காணொளி, படிக்கும் பாடம், சுயசோதனை, கலந்துரையாடல். மாணவர்கள் வாய் திறக்காவிட்டால் நாலாவது கால் ஒடிந்த கட்டில்தான்.

எனக்குத் தோன்றும் வழி எளிது. மதிப்பெண்ணை ஏற்றுக்கொள்ளும் கல்லூரி, அந்தப் பாடம் எடுத்த தன் மாணவர்களை வாரம் ஒரு மணி நேரம் ஓர் அறையில் உட்கார வைக்கட்டும். பாடம் நடத்த வேண்டாம், அவர்களைப் பேச வைத்தால் போதும். கடைசியில் ஆளுக்கு ஐந்து நிமிடம் வாய்மொழித் தேர்வு வைக்கட்டும். இணையத்தில் எடுத்த படத்தை வைத்துக்கொண்டு அங்கே பதில் சொல்ல முடியாது.

கடன் வாங்கிப் பிள்ளையைப் படிக்க வைக்கும் பெற்றோர் நம் பக்கத்தில் நிறைய பேர் இருக்கிறார்கள். அவர்கள் பணம் கட்டுவது கறுப்புக் கட்டத்துக்கு அல்ல. பேரன் பேத்தி கல்லூரியில் இருந்தால், "பரீட்சை எப்போ?" என்பதோடு விடாதீர்கள். "இந்த வாரம் வகுப்பில் நீ என்ன கேட்டாய்?" என்றும் கேளுங்கள்.