முற்றத்தை மூடுமுன்

கும்பகோணம், பாபநாசம், திருவையாறு என எப்பக்கம் சென்றாலும் புதிதாய் எழும் வீடுகளில் ஒரு காட்சியைக் காண்கிறோம். மதிற்சுவர் முதல் திண்ணை வரை முற்றம் முழுவதும் சிமெண்டுத் தளம். காரணம் கேட்டால், "களை பிடுங்க ஆள் ஏது?" என்பர். பிள்ளைகள் சென்னையிலும் வளைகுடா நாடுகளிலும் பிழைக்க, முதியோர் இருவர் மட்டுமே வாழும் இல்லங்களில் இவ்விடையை எளிதில் தள்ளிவிட இயலாது. ஆயினும் அத்தளத்தின் மீது பெய்யும் ஐப்பசி மழை ஒரு துளியும் மண்ணுக்குள் இறங்காமல் தெருவுக்கு ஓடுகிறது. சித்திரையில் அதே தளம் அனலாய்க் கொதிக்கிறது. 2003-இல் தமிழக அரசு எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது கூரை நீருக்குக் குழாய் வைத்தவர் பலர். முற்றத்து நீரை நினைத்தவர் சிலரே.

உழைப்பும் குறைய வேண்டும், நீரும் இறங்க வேண்டும் என்போர்க்குச் சரளைக்கல் பாத்தி ஏற்றது. இங்கிலாந்தில் எஸ்ஸெக்ஸ் பகுதியைச் சேர்ந்த பெத் சாட்டோ என்னும் அம்மையார், வண்டிகள் நிறுத்தி வந்த இடத்தை 1991-92 ஆண்டுகளில் சரளைத் தோட்டமாக்கி, செடிகள் வேரூன்றிய பின் நீர் ஊற்றாமலே வளர்த்துக் காட்டினார். ஆனால் அவரது நிலத்தின் அடியிலும் சரளையே, மழையும் குறைவு. நமக்கோ அதைப்போல் ஏறத்தாழ இருமடங்கு மழை, அதுவும் பெரும்பகுதி சில வாரங்களில். அடியில் இருப்பது காவிரி கொணர்ந்த களிமண். அதன் மேல் வெறுமனே கல்லைக் கொட்டினால் கார்த்திகைக்குள் பாதிக் கல் சேற்றில் புதைந்துவிடும்.

ஆகவே அடித்தளமே முக்கியம். வேலையைச் சித்திரையில் தொடங்குவது நலம். உழவர் கோடை உழவு செய்வதன் பயன் நம் வாசகர்க்குத் தெரிந்ததே. முற்றத்தையும் ஓரடி ஆழம் கொத்தி, கோரைக்கிழங்கையும் அருகம்புல் வேரையும் பொறுக்கி வெயிலில் உலரவிட வேண்டும். கோரையை விட்டுவைத்துக் கல் பரப்பினால் அது கல்லைத் துளைத்து எழும். பிறகு பிடுங்குவது இருமடங்கு வேலை. பின்னர் வீட்டுச் சுவரிலிருந்து வெளிப்புறமாக நிலத்தைச் சற்றே சரித்து, மூன்று அங்குலம் செங்கல் ஜல்லி இட்டுத் திமிசால் இறுக்கி, அதன்மேல் இரண்டு அங்குலம் கல். ஓரத்தில் செங்கற்களைக் குத்துக்கல்லாகப் பதித்தால் கல் சிதறாது. பிளாஸ்டிக் தாள் விரிக்கச் சொல்வோர் உளர். நாம் வேண்டாம் என்போம். சிமெண்டு செய்த தீங்கையே அதுவும் செய்யும்.

எந்தக் கல்? டெல்டா கல் இல்லாத நாடு. 1010-இல் நிறைவெய்திய பெரிய கோவிலுக்கே கருங்கல் அனைத்தும் வெளியிலிருந்து வந்தது! வல்லம் மேட்டுப்பக்கத்துச் செம்மண் கிராவல் மலிவுதான். ஆனால் மழையில் இறுகித் தரைபோல் ஆகிவிடும், சாலைக்கே அது பொருந்தும். கூழாங்கல் அழகு, முதியோர் காலடியில் உருளும். கட்டட வேலைக்கு வாங்கும் முக்கால் ஜல்லியே சிறந்தது. அது வெறுங்காலைக் குத்தும் என்பதால் வாயிலிலிருந்து திண்ணை வரை செங்கல் பாதை ஒன்று விடுக. கோலமிடும் இடத்தையும் மண்ணாகவே விட்டுவிடுவது நம் இல்லத்தரசியர்க்கு நாம் செய்யும் மரியாதை. கொள்ளிடத்திலிருந்து திருட்டு மணல் கொண்டுவந்து தருவதாகச் சொல்பவரிடம் வாங்கவே வேண்டாம். ஆற்றைச் சுரண்டி முற்றத்தைக் காப்பதில் பொருளில்லை.

புரட்டாசியில் நடலாம். இட்லிப்பூ, நித்தியகல்யாணி, செம்பருத்தி ஆகியவை நம் வெயிலைத் தாங்கும். கற்றாழையை மட்டும் அரையடி மேட்டில் வைக்க வேண்டும். தாழ்வில் வைத்தால் அடைமழையில் வேர் அழுகும். முதல் கோடை வரை வாரம் இருமுறை நீர் தேவை, பின்பு மிகக் குறைவு.

இது வேலையே இல்லாத தோட்டம் என்று எவரும் எண்ண வேண்டாம். விதைப்பவர் உவமையில் பாறை நிலத்து விதைக்கு நேர்ந்தது (லூக்கா 8) ஜல்லிமேல் விழும் களைவிதைக்கும் நேரும். ஆனால் சருகும் தூசியும் கல்லிடையே தங்கி மண்ணானால் விதைக்கு அங்கேயே வீடு கிடைத்துவிடும். வாரம் ஒருமுறை ஈர்க்குமாற்றால் மெல்லப் பெருக்கினால் போதும். பெரிய கற்களைக் குவித்து அழகு செய்வதும் தேளுக்கு இடம் கொடுப்பதாகும். முற்றத்தில் மாதா கெபி உள்ள வீடுகளில் மெழுகுதிரி ஏற்றும் இடத்தைச் சுற்றி ஓரடி செங்கல் தளம் விடுக. கல்லில் உருகி ஒட்டிய மெழுகைச் சுரண்டி எடுப்பது பெருந்தொல்லை. மார்கழியில் குடில் அமைப்பதற்கும் அவ்விடமே உதவும்.