வகுப்பறைக்கு ஏற்ற ஒலிபெருக்கி எது?

எழுத்துகள் பிறக்கும் முறையை விளக்குதற்குத் தொல்காப்பியர் எழுத்ததிகாரத்தில் பிறப்பியல் என ஓர் இயலையே வகுத்தார். கொப்பூழினின்று எழும் காற்று தலை, மிடறு, நெஞ்சு ஆகிய இடங்களில் நிலைபெற்று, பல்லும் இதழும் நாவும் மூக்கும் அண்ணமும் தொழிற்பட எழுத்தாகும் என்பது அவர் கண்ட உண்மை. அங்ஙனம் பிறந்த எழுத்து எத்துணைத் தொலைவு சென்று கேட்போன் செவியைச் சேரும் என்பதை அவர் ஆராய்ந்திலர். ஆராய வேண்டிய தேவையும் அக்காலத்து எழவில்லை. ஆசிரியனைச் சூழ அமர்ந்து பாடங்கேட்டோர் சிலரே. பாடஞ்சொல்லும் முறையை நன்னூலார் வகுத்துரைத்த காலத்தும் நிலைமை அதுவேயாம்.

இன்றைய முதற்பகுதித் தமிழ் வகுப்போ முற்றிலும் வேறு. வணிகவியல், கணிதம், கணினி அறிவியல் எனப் பல துறை மாணவரை ஒரே கூடத்தில் சேர்த்து அமர்த்தி, "தமிழ்தானே, ஒருவரே நடத்தட்டும்" என்று விட்டுவிடும் வழக்கம் கல்லூரிகள் பலவற்றில் உண்டு. நூற்றுக்கு மேற்பட்ட மாணவர், நீண்ட கூடம், ஒரே குரல். இயற்பியலாருக்கும் வேதியியலாருக்கும் இல்லாத இந்த இடர் தமிழாசிரியருக்கே உரிய தனிச்சொத்தாகிவிட்டது.

நாம் வாழும் சின்னசேலம் வட்டாரத்தை எண்ணிப் பார்ப்போம். அட்டைக் கூரையோ தகரக் கூரையோ வேய்ந்த கூடம். பூச்சு மட்டுமே உள்ள வெற்றுச் சுவர். தலைக்குமேல் கடகடக்கும் மின்விசிறிகள். சேலம் உளுந்தூர்ப்பேட்டை நெடுஞ்சாலையை அடுத்திருந்தால் லாரிகளின் இரைச்சலும் உடன் சேரும். ஐப்பசி மழை தகரத்தில் இறங்கினாலோ அன்றைய பாடம் அவ்வளவே. இத்தகைய கூடத்தில் கடைசி இருக்கை எவருக்கு வாய்க்கிறது? கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கத்து ஊர்களிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகப் பேருந்து மாறி இறங்கி வருவோருக்கு. முதல் மணி அடித்த பின்னர் வந்து சேரும் அவர்கள் எஞ்சிய இடத்தில்தான் அமர முடியும். அவர்களுட் பலர் தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்தவர்கள். செய்யுளை ஒருமுறை பிழையறக் கேட்டாலே பாதி விளங்கும்; கேளாவிட்டால் வீட்டில் எடுத்துச் சொல்வார் இல்லை. "மலைப்பையன் கவனிப்பதில்லை" என்று ஆசிரியர் அறையில் பேசிக்கொள்வதற்கு முன், அவனுக்குக் கேட்டதா என்று கேட்பதன்றோ முறை?

ஒலியின் கணக்கு இரக்கமற்றது. பேசுவோரிடமிருந்து ஒரு மீட்டர் தொலைவில் இயல்பான பேச்சு ஏறத்தாழ 60 டெசிபெல் அளவினது. திறந்தவெளியில் தொலைவு இருமடங்காகும்தோறும் 6 டெசிபெல் குறையும். இரண்டு மீட்டரில் 54, நான்கில் 48, எட்டில் 42. சுவர் சூழ்ந்த கூடத்தில் இவ்வளவு குறைவதில்லை. சுவரிலும் கூரையிலும் பட்டுத் திரும்பும் ஒலி வந்து கைகொடுக்கிறது. ஆயின் அது ஓசையைக் கூட்டுமேயன்றித் தெளிவைக் கூட்டாது. முன்னெழுத்தின் எதிரொலி பின்னெழுத்தின்மேல் ஏறிக்கொள்ளும். வகுப்பறைப் பின்னணி இரைச்சல் 35 டெசிபெல்லுக்குள் அடங்க வேண்டும் என உலகச் சுகாதார நிறுவனம் 1999-இல் வழிகாட்டியது. ஆசிரியர் குரல் அந்த இரைச்சலைவிட 15 டெசிபெல்லேனும் மிகுந்திருத்தல் வேண்டும் என்பர் ஒலியியலார். மின்விசிறிகளை மட்டும் சுழலவிட்டாலே நம் கூடங்கள் முதல் எல்லையைத் தாண்டிவிடும்.

கணீர்க்குரல் உடையார்க்கு இவையெல்லாம் எதற்கு என்பார் உளர். கத்துவதால் உயிரொலி பெருகும். மெய்யொலி அந்த அளவிற்குப் பெருகுவதில்லை. உயிரொலிகளின் வலிமை பெரும்பாலும் 1000 ஹெர்ட்சுக்குக் கீழே அமைந்தது. ஒரு மெய்யை மற்றொரு மெய்யினின்று பிரித்துக் காட்டும் நுண்கூறுகளோ பெரிதும் அதற்கு மேலே, 4000 ஹெர்ட்ஸ் வரை விரிந்தவை. எனவே கத்தும் ஆசிரியரின் சொல்லில் கடைசி இருக்கைக்குச் சேர்வது உயிர் மட்டுமே. மெய் வழியிலேயே வீழ்ந்துவிடும். தொண்டையோ அன்றாடம் தேயும். அமெரிக்காவில் குரல் நலிவுற்ற ஆசிரியர் 44 பேரைக் கொண்டு நிகழ்த்திய ஆய்வொன்று 2002-இல் வெளிவந்தது. ஒரு சாரார்க்குக் குரலைப் பேணும் அறிவுரை மட்டும் வழங்கினர். மற்றொரு சாரார்க்கு உடலில் அணியும் சிறு ஒலிபெருக்கியைத் தந்தனர். எஞ்சியோர்க்கு எதுவும் தரவில்லை. கருவி பெற்றோர் தெளிவான நலம் கண்டனர். வெந்நீரும் அதிமதுரமும் நல்லவையே. ஆயின் அவை கூடத்தின் நீளத்தைக் குறைக்கமாட்டா.

பின்வரிசைக்கும் குரல் சேர வேண்டும் என்னும் கவலை நமக்குப் புதியதன்று. ஒலிபெருக்கி தோன்றுவதற்கு முன் பெரிய பள்ளிவாசல்களில் இமாமின் தக்பீரைப் பின்வரிசையார்க்கு உரக்க எடுத்துரைக்க முகப்பிர் ஒருவர் நின்றார். நம் வட்டாரத் தெருக்கூத்தில் கூத்தர் பாடிய அடியைப் பின்பாட்டுக்காரர் வாங்கிப் பாடுவது இசைக்கு மட்டுமன்று, களத்தின் கடைசியில் பாய்விரித்து அமர்ந்தவர்க்கும் சொல் சேர்வதற்காகவுந்தான் என்பது நம் கருத்து. இன்று அக்கூத்தர்களும் தொங்கவிட்ட ஒலிவாங்கியின் கீழ் வந்து நின்று பாடுகின்றனர். மேலைநாட்டில் 1919-இல் சான்டியாகோ நகரில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் உட்ரோ வில்சன் ஒலிபெருக்கி வழியே பெருங்கூட்டத்தின் முன் உரையாற்றினார். நூறாண்டு கடந்தும் மேடைக்குக் கிடைத்த அந்த வசதி வகுப்பறைக்கு முழுமையாக வந்து சேரவில்லை.

இனி, எதை வாங்குவது? கடைக்காரர் முதலில் 'வாட்' கணக்கைத்தான் நீட்டுவார். ஆற்றல் இருமடங்கானால் ஒலி 3 டெசிபெல்தான் கூடும் என்பதை நினைவில் இருத்திக்கொண்டால் பாதி மயக்கம் தெளிந்துவிடும். பெட்டியின்மேல் ஆயிரக்கணக்கில் அச்சிட்ட 'பி.எம்.பி.ஓ.' எண்களை அவ்வாட்டுகளோடு சேர்க்கவே வேண்டா. எதிரொலி மிக்க கூடத்தில் ஆற்றலைக் கூட்டினால் எதிரொலியும் உடன் கூடும். கூடம் குமுறுமேயன்றிப் பேசாது.

கையிற் பிடிக்கும் கூம்புக்குழல் ஊர்வலத்திற்கும் தேர்தல் காலத்திற்கும் உரியது. யாப்பிலக்கணத்திற்கு அஃது ஆகாது. இடுப்பிற் கட்டும் சிறு பெட்டி விலையிற் குறைந்தது; கையை விடுவிக்கும்; ஐம்பது பேர் அமர்ந்த அறைக்குப் போதுமானது. ஆனால் ஒலி வயிற்று உயரத்திலிருந்து புறப்பட்டு முதல் வரிசையின் முகத்தில் அறையும். கரும்பலகைப் பக்கம் திரும்பி எழுதும்போது அதுவும் திரும்பிக்கொள்ளும். நூறு பேருள்ள நீண்ட கூடத்திற்கு நாம் பரிந்துரைப்பது மின்கலத்தில் இயங்கித் தாங்கியின்மேல் நிற்கும் பெட்டி ஒலிபெருக்கியும், கம்பியில்லா ஒலிவாங்கியுமே. மின்வெட்டிலும் அது பேசும். அமர்ந்தோர் தலைக்குமேல் அதனை உயர்த்தி, ஆசிரியருக்கு முன்னே, பக்கச் சுவரையொட்டிக் கூடத்தின் நடுப்பகுதி வரை தள்ளி வைத்தல் நலம். ஒலிவாங்கிக்குப் பின்னால் வைத்தால் ஊளையிடும். கடைசி இருக்கைக்கு அண்மையில் வைப்பதால் ஒலியைக் கூட்ட வேண்டிய தேவையும் குறைகிறது.

ஒலிவாங்கியுள் சட்டைக்கழுத்திற் செருகுவதைவிடத் தலையில் அணிவதே ஏற்றது. வாய்க்கு நேரே வைக்காமல் வாயோரத்தில் இரு விரல் தொலைவில் நிறுத்தினால் பகரம் வெடிக்காது. புளூடூத் வழியாக ஒலியனுப்பும் மலிவான கருவிகளில் குரல் ஒரு கணம் பிந்தி ஒலிப்பதுண்டு. தன் சொல்லைத் தானே பின்னால் கேட்கும் ஆசிரியர் நாத் தடுமாறுவார். அவற்றைத் தவிர்க்க.

தேர்வு செய்யும் முறை ஒன்றே. "ஹலோ, மைக் டெஸ்டிங், ஒன், டூ, த்ரீ" என்று சோதிப்பதால் பயனில்லை; அச்சொற்களை எவரும் கேளாமலே அறிவர். கடைசி இருக்கையில் ஐந்து மாணவரை அமர்த்தி, முன்னின்று சொற்களைக் கலைத்துச் சொல்லி எழுதச் செய்க. தலை, தளை, தழை. வாலை, வாளை, வாழை. மனம், மணம். அரம், அறம். பல்லி, பள்ளி. பிழையின்றி எழுதினால் அக்கருவியை வாங்கலாம். அவர்கள் "நன்றாகக் கேட்கிறது ஐயா" என்று சொல்வதை மட்டும் நம்பி வாங்கலாகாது. ழகரம் பேச்சில் ளகரமாகத் தேய்ந்துவரும் நாளில், அது பிழையறக் காதில் விழ எஞ்சியுள்ள இடங்களுள் ஒன்று தமிழ் வகுப்பு. அங்கும் கருவியே அதனை விழுங்கிவிட்டால் எழுத்துப் பிழைக்கு மாணவனைக் கடிவதில் நீதியில்லை.

இன்னொன்றையும் வலியுறுத்துவோம். ஒலிபெருக்கி வந்தபின் வகுப்பு சொற்பொழிவாகிவிடும், வினாவும் விடையும் மறையும் என்று சிலர் அஞ்சுகின்றனர். அச்சம் நியாயமானதே. ஆசிரியர் குரல் மட்டும் பெருகி மாணவர் குரல் பெருகாவிட்டால் அவ்வாறே நேரும். ஆதலால் இரண்டு ஒலிவாங்கிகள் உள்ள கருவியையே கேட்டு வாங்குக. இரண்டாவது, மாணவர் கைகளில் வரிசை வரிசையாகச் செல்லட்டும். கடைசி இருக்கைப் பெண் கேட்கும் ஐயத்தை முதல் வரிசையும் கேட்கட்டும்.

விலை சில ஆயிரம் ரூபாய் ஆகும். அதனை எவர் கொடுப்பது என்பதில்தான் நமக்கு வழக்கு. வேதியியல் ஆய்வகத்திற்குத் தராசு வாங்கும்போது விரிவுரையாளரிடம் பணம் கேட்பதில்லை. தமிழாசிரியருக்கோ, தொண்டை கட்டினால் தானே ஒன்றை வாங்கிக்கொள்ள வேண்டும் என்னும் நிலை. குறைந்த தொகுப்பூதியத்தில் பணிபுரியும் கௌரவ விரிவுரையாளர்கள்கூடத் தம் கைப்பணத்தில் இடுப்புப் பெட்டி வாங்கி அணிந்து வருகின்றனர். கூட்டு வகுப்பு வைப்பது நிருவாகத்தின் முடிவு. அம்முடிவின் செலவும் நிருவாகத்தினுடையதே. நூறு பேரை ஒரு கூடத்தில் அமர்த்துவதால் மிச்சமாகும் ஊதியத்தில் கருவியின் விலை மிகச் சிறு கூறு. கருவி வேண்டா என்பார், வகுப்பை இரண்டாகப் பிரித்துத் தரட்டும். அதனை நாம் இன்னும் மகிழ்ந்து ஏற்போம்.

வாங்குமுன் கூடத்தையும் சற்றே திருத்தலாம். சன்னலைத் திறந்தால் எதிரொலி வெளியேறும். சாலை இரைச்சல் உள்ளே வரும் என்பதால் சாலைப் பக்கச் சன்னலை விட்டுத் தோட்டப் பக்கத்தைத் திறக்க. பின்சுவரில் தடித்த துணித்திரை தொங்கவிடலாம். தெர்மாகோல் ஒட்டுவது வீண். அஃது ஒலியை உறிஞ்சுவதில்லை. சோதனையைக் கோடை விடுமுறையில் வெற்றுக் கூடத்தில் நடத்தாமல், மாணவர் நிறைந்திருக்கும் நாளில், மின்விசிறிகள் சுழலும்போதே நடத்துக. மாணவர் உடலும் உடையும் ஒலியைப் பெரிதும் உறிஞ்சுவன. வெற்றுக் கூடத்தில் சரியெனத் தோன்றிய கருவி நிறைந்த கூடத்தில் போதாமற் போகலாம்.