காத்திருப்புப் பட்டியல் கதவடைப்பு அன்று

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் அனுமதி முடிவுகள் மார்ச் இறுதியில் வெளிவரும்போது, எம்மவர் வீடுகள் சிலவற்றில் சங்கடமான அமைதி நிலவுகின்றது. பிள்ளைக்கு இடம் மறுக்கப்படவில்லை, வழங்கப்படவுமில்லை. காத்திருப்போர் பட்டியலில் பெயர் உள்ளது. உறவினருக்கு என்ன சொல்வது என்ற கவலையிலேயே பெற்றோர் நாட்களைக் கழித்துவிடுகின்றனர்.

அப்பட்டியலில் பெயர் தானாக நிலைப்பதில்லை. தொடர்ந்து காத்திருக்கச் சம்மதம் என்பதை மாணவரே குறித்த நாளுக்குள் அறிவிக்க வேண்டும். பெரும்பாலான கல்லூரிகளில் அது முன்பின் என்று எண்ணிடப்பட்ட வரிசையும் அன்று. அனுமதி பெற்றோருள் எத்தனை பேர் சேர்கின்றனர் என்பது மே 1 அளவில் தெரிந்தபின், எஞ்சிய இடங்களுக்கேற்பவே அழைக்கின்றனர்.

ஆகவே, கல்லூரி தடை விதிக்காவிடின், ஒரு பக்கக் கடிதம் எழுதுக. விண்ணப்பத்திற்குப் பின் பெற்ற மதிப்பெண், செய்த பணி, இடம் கிடைத்தால் சேர்வேன் என்ற உறுதி (அது உண்மையாயின் மட்டும்) ஆகியன போதும். ஆனால் அதைப் பிள்ளையே எழுதட்டும். தந்தையார் தொலைபேசியில் அலுவலரை வற்புறுத்துவதும், பிரமுகர்களிடம் பரிந்துரை தேடுவதும் எம் ஊர்ப் பழக்கம். இங்கு அதனால் பிள்ளைக்கே பாதகம்.

இதற்கிடையில், இடம் தந்த வேறொரு கல்லூரியில் உரிய நாளுக்குள் முன்பணம் கட்டிவிடுங்கள். பின்னர் அழைப்பு வந்தால் அப்பணம் பெரும்பாலும் திரும்பாது. புதிய இடத்தில் நிதியுதவி எவ்வளவு என்பதை எழுத்தில் பெற்ற பின்னரே சம்மதியுங்கள்; காத்திருந்தோருக்கு எஞ்சிய நிதியையே பகிரும் கல்லூரிகளும் உள்ளன.