மாலுமி படுத்த இடம் எங்கே?

எச்.எம்.எஸ். டிரிங்கோமலி. பெயரில் திரிகோணமலை, உடம்பில் மலபார் தேக்கு! இங்கிலாந்தில் ஓக் மரம் தட்டுப்பாடானதால், பம்பாயில் ஜாம்செட்ஜி பொமன்ஜி வாடியா கட்டி 1817ல் நீரில் இறக்கிய பாய்மரப் போர்க்கப்பல். இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் மிதக்கிறது.

2001ல் முடிந்த அதன் சீரமைப்பு பீரங்கியோடும் கொடிமரத்தோடும் நிற்கவில்லை. கேப்டனின் அறையோடு, சாதாரண மாலுமிகள் சாப்பிட்டுத் தூங்கிய கீழ்த்தளமும் மீட்கப்பட்டது. அந்தக் காலப் பிரிட்டிஷ் போர்க்கப்பலில் ஒரு மாலுமி தூளி கட்ட ஒதுக்கிய அகலம் 14 அங்குலம். பள்ளிக்கூட ஸ்கேலைவிட 2 அங்குலம்தான் அதிகம்! குனிந்து அந்தத் தளத்தில் நடப்பவருக்குச் சாம்ராஜ்யம் யார் முதுகில் ஓடியது என்று பாடம் எடுக்க வேண்டியதில்லை.

சரி, இதற்கும் ராயபுரத்துக்கும் என்ன சம்பந்தம்?

இருக்கிறது. ஹார்ட்டில்பூல் ஒன்றும் பணக்கார ஊர் அல்ல. 1960களில் கப்பல் கட்டும் தொழில் படுத்துப்போன ஊர். 1979 முதல் 1987 வரை அங்கேதான் 'வாரியர்' என்ற பழைய போர்க்கப்பலைச் சீரமைத்தார்கள். அதில் கை பழகியவர்கள் அடுத்து டிரிங்கோமலியைத் தொட்டார்கள். தொழில் போன ஊருக்குப் பழைய கப்பலே தொழிலானது.

வடசென்னையில்? துறைமுகம் வருவதற்கு முன், நடுக்கடலில் நின்ற கப்பலிலிருந்து ஆளையும் சரக்கையும் கரை சேர்த்தவை ஆணியே இல்லாமல் கயிற்றால் தைத்த மசூலா படகுகள். காசிமேட்டு மர விசைப்படகுகளின் இடத்தை ஃபைபரும் இரும்பும் பிடித்து வருகின்றன. ஏறிப் பார்க்க ஒரு பழைய மரக்கலம்கூட இந்தக் கரையில் இல்லை.

மேடைப் பேச்சில் மட்டும் குறைவில்லை. சோழர் கடற்படை என்பார்கள். வல்வெட்டித்துறையில் கட்டிய 'அன்னபூரணி' 1938ல் அமெரிக்காவின் குளோஸ்டர் போய்ச் சேர்ந்தது என்பார்கள். அதில் போனவர்கள் எங்கே உலை வைத்தார்கள், எங்கே படுத்தார்கள்? கேட்க ஆளில்லை. அரசன் கட்டில் கண்ணாடிக்குள் போகிறது, உழைப்பவன் பாய் அடுப்புக்குப் போகிறது.

"எண்ணூரில் சாம்பல் கொட்டுகிறது, திருவொற்றியூரில் அலை வீட்டைத் தின்கிறது, இப்போது கப்பல் ஒரு கேடா?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் இரண்டும் ஒரே அலட்சியம். இந்தக் கரையில் மனிதர்கள் வாழ்கிறார்கள் என்பதே கணக்கில் வராததால்தான் சாம்பலும் கொட்டுகிறது, படகும் விறகாகிறது.

கோடிகள் வேண்டாம். கொழும்புக்குச் சரக்கு ஏற்றிய தூத்துக்குடித் தோணி ஒன்று, நாள்கணக்கில் கடலில் தங்கிய காசிமேட்டு விசைப்படகு ஒன்று. அடுப்பு, தண்ணீர்ப் பீப்பாய், படுக்கும் பலகையோடு அப்படியே காசிமேட்டில் நிறுத்தினால் போதும். செய்துகாட்ட, மரவேலை தெரிந்த கைகள் இன்னும் அங்கே இருக்கின்றன.

விசாகப்பட்டினம் 2002லேயே 'குர்சுரா' நீர்மூழ்கியைக் கரையேற்றி, வீரர்கள் படுத்த இடத்தை மக்களுக்குத் திறந்துவிட்டது. சென்னை எதற்காகக் காத்திருக்கிறது? கடைசித் தச்சரும் உளியைக் கீழே வைப்பதற்கா?