முத்திரை குத்துகிற கை யாருடையது?

தமிழில் எது வசவு, எது வசவு இல்லை என்று கணினிக்குச் சொல்லிக்கொடுக்கிற வேலை சில ஆண்டுகளாக மும்முரமாக நடக்கிறது. 2021இல் ஐரோப்பியக் கணினி மொழியியல் மாநாட்டோடு சேர்ந்து நடந்த திராவிட மொழிகளுக்கான பயிலரங்கில் தமிழ், மலையாளம், கன்னடம் மூன்றுக்கும் இதை ஒரு போட்டியாகவே வைத்தார்கள். யூடியூபில் ஜனங்கள் எழுதிப் போட்டதை அள்ளிக்கொண்டு வந்து ஒவ்வொன்றுக்கும் ஒரு முத்திரை: வசவு இல்லை, பொதுவான வசவு, தனி ஆளைக் குறிவைத்த வசவு, ஒரு கூட்டத்தைக் குறிவைத்த வசவு என்று இப்படி. முத்திரையைப் பார்த்துத்தான் கணினி கற்றுக்கொள்கிறது. ஆக, நம் கேள்வி கணினியைப் பற்றியது அல்ல. முத்திரை குத்துகிற கை யாருடையது?

கேள்வி ஆகாயத்திலிருந்து குதிக்கவில்லை. இண்டூர்ப் பக்கத்துத் தம்பி ஒருவன், அவன் வீட்டில் முதல் பட்டதாரி, இதே பொருளில் ஒரு மாநாட்டுக்குக் கட்டுரை தயார் செய்கிறான். "அண்ணா, நீங்க தமிழ் எம்.ஏ.தானே, இந்தச் சொல்லையெல்லாம் கொஞ்சம் பாருங்க" என்று கொண்டுவந்தான். "காலனிக்காரனுங்களுக்கு இப்ப ரொம்பத்தான் ஏறிப்போச்சு" என்று ஒரு வரி. குத்தியிருந்த முத்திரை: வசவு இல்லை. ஏன்? கெட்ட வார்த்தை ஒண்ணும் இல்லையாம்! முத்திரை குத்திய மூணு பேருமே ஊர்த்தெரு.

'காலனி' வெறும் இடப்பெயரா? ஆதிக்கத்தின், தீண்டாமையின் குறியீடாக ஆகிவிட்ட சொல் அது, அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று 2025 ஏப்ரல் 29 அன்று சட்டமன்றத்திலேயே முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் அறிவித்தார். அரசாங்கத்துக்கே உறைத்தது ஆராய்ச்சிக்கு உறைக்கவில்லை. எங்கள் தருமபுரி மாவட்டத்தில் 2012 நவம்பர் 7 அன்று நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டியில் 200க்கும் மேற்பட்ட தலித் வீடுகளைக் கொளுத்தினார்கள். அந்தத் தெருக்களை ஊரிலிருந்து பிரித்துக் காட்டக் கெட்ட வார்த்தை எதற்கு? காலனி என்ற ஒரு சொல் போதும்.

மறுபக்கத்தையும் பாருங்கள். 1893இல் ரெட்டைமலை சீனிவாசன் பத்திரிகை தொடங்கினார். பெயர் 'பறையன்'. நம்மை இழிவுசெய்ய வீசிய சொல்லையே எடுத்துத் தலைப்பில் வைத்தார். சொல்லை மட்டும் பார்த்து முத்திரை குத்தினால் அந்தப் பத்திரிகை வசவு. காலனிக்காரனுக்கு ஏறிப்போச்சு என்கிறவன் கண்ணியவான். என்ன நியாயம் இது?

1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம்கூடச் சொல்லோடு நிற்கவில்லை. பட்டியல் சாதியோ பழங்குடியோ அல்லாத ஒருவர், பொதுமக்கள் பார்வைக்குட்பட்ட இடத்தில், சாதிப் பெயர் சொல்லித் திட்டினால் குற்றம் என்கிறது. யார் சொன்னது, யாரைச் சொன்னது, எங்கே வைத்துச் சொன்னது என்று சட்டம் கேட்கிறது. கணினி முன்னால் வைக்கிற வரியிலோ சொன்னவனும் இல்லை, கேட்டவனும் இல்லை. மிச்சமிருப்பது படித்து முடிவு செய்கிறவரின் காது மட்டும்தான். அந்தக் காது எந்தத் தெருவில் வளர்ந்தது என்பது அற்ப விஷயமா?

முத்திரை குத்தியவர்கள் எவ்வளவு ஒத்துப்போனார்கள் என்று அளந்து ஓர் எண் தருவார்கள். எண் உயர்ந்தால் டேட்டா நம்பகமானதாம். ஒரே தெருக்காரர்கள் ஒத்துப்போவதில் என்ன அதிசயம்? ஊர்ப் பஞ்சாயத்தும் ஏகமனதாகத்தான் தீர்ப்புச் சொல்கிறது!

2020இல் வந்த தமிழ்-ஆங்கிலக் கலப்புத் தரவு ஒன்றில் 15,744 யூடியூப் கருத்துகள் உண்டு. முத்திரை குத்தியவர்களின் பாலினம், படிப்பு, பள்ளியில் படித்த மொழி என்று எழுதிவைத்தார்கள். நல்ல காரியம். தமிழ்வழியா ஆங்கிலவழியா என்பது காதை மாற்றும் என்றால், ஊரா சேரியா என்பது மாற்றாதா? சாதிக்கு அங்கே கட்டமே இல்லை.

தம்பி தன் கட்டுரையில் அந்தக் கட்டத்தைப் போட்டான். வழிகாட்டி கோடு கிழித்துவிட்டார். "சமூகப் பின்னணி என்று போடு போதும்" என்றாராம். பிறகு மூன்று சமாதானங்கள்.

ஒன்று, எழுதியவர் பெயரை மறைத்துத்தான் மதிப்பிடுகிறார்கள், சாதி எங்கே வருகிறது? எழுதியவர் பெயரை மறையுங்கள், நல்லது. முத்திரை குத்தியவரின் தெருவை மறைத்தால் அது நடுநிலை அல்ல, ஒளிவிடம்.

இரண்டு, சாதியைக் கேட்பதே சாதியம். யார் பெயரும் வேண்டாம். விரும்பிச் சொல்கிறவர்களிடம் மட்டும் கேட்டு, எந்தப் பிரிவில் எத்தனை பேர் என்று எண்ணிக்கை கொடுத்தால் போதும். உதவித்தொகைக்குச் சாதிச் சான்றிதழ் கேட்டபோது வராத கூச்சம் இப்போது மட்டும் எங்கிருந்து வருகிறது?

மூன்று, இடமில்லை. கணினி மொழியியல் சங்கத்தின் மாநாடுகளில் நீண்ட கட்டுரைக்கு 8 பக்கம். ஆய்வின் வரம்புகளைச் சொல்லும் பகுதி கட்டாயம். அது பக்கக் கணக்கில் சேராது. கட்டுரையோடு நிரப்பித் தரும் கேள்விப் பட்டியலிலும் முத்திரை குத்தியவர்களின் சமூக, வட்டார விவரங்களைச் சொன்னீர்களா என்று ஒரு கேள்வி இருக்கிறது. வெளிநாட்டுக்காரன் கேட்கிறான், சொல்லத்தான் நம்மாட்களுக்கு வாய் வரவில்லை.

கணினி படிக்கும் தோழர்களே, நம் வசவை, நம் வலியை, நம் பேச்சை இனி யாரும் நம்மைக் கேட்காமல் தரவு ஆக்க முடியாது என்று சொல்லுங்கள். கட்டுரை அனுப்பும்போது கோடு கிழிக்கப்பட்ட அந்தக் கட்டத்தை மறுபடி போடுங்கள். முத்திரை குத்துகிறவர்களில் சேரிக்காரர்கள் இருக்க வேண்டும் என்று கேளுங்கள். அவர்கள் ஒத்துப்போகாத இடங்களைப் பிழை என்று தள்ளாமல் தனியாகக் காட்டுங்கள். பெரும்பான்மை ஓட்டில் நம் காதைத் தோற்கடித்துவிட்டு, அதற்கு அறிவியல் என்று பெயர் வைக்க இனியும் விடக்கூடாது.