தம்பியின் காருக்கு எந்த என்ஜின்?



போன வாரம் நான் ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்ததை யாரோ படம் எடுத்து நம் குழுவில் போட்டுவிட்டீர்கள். "டீச்சருக்கு அங்கே என்ன வேலை?" என்று ஆளாளுக்குக் கேட்டீர்கள். பதில் கொஞ்சம் நீளம். வகுப்பில் கொட்டாவி விட்டதைப் போல இங்கேயும் விடாமல் படியுங்கள்.

என் தம்பியின் ஃபியட் பாலியோ 1.6 உறவினர்கள் எல்லோருக்கும் தெரிந்த கார்தான். 2004ல் வாங்கினான். பார்க்கச் சாதாரண குடும்பக் கார். உள்ளே இருப்பது 1596 சிசி, சுமார் 100 குதிரைத்திறன் என்ஜின். சின்ன உடம்பில் பெரிய என்ஜின் வைத்த இந்த மாதிரிக் காரைத்தான் ஹாட் ஹேட்ச்பேக் என்கிறார்கள். பெட்ரோல் குடிப்பதில் அது கெட்ட பெயர் வாங்கிய கார். தம்பி அதைப் பற்றிக் கவலைப்பட்டதே இல்லை. ஐம்பது வயதை நெருங்கும்போது எனக்கு ஓட்டக் கற்றுத் தந்ததும் அந்தக் காரில்தான். அவன் போய் இரண்டு வருடம் ஆகிறது. இப்போது அவன் மகன் ஓட்டுகிறான்.

மே மாதம் பாலக்காடு ரோட்டில் டெம்பரேச்சர் முள் சிவப்புக்கு ஏறியது. "வீடு பக்கந்தானே" என்று மருமகன் நிறுத்தாமல் வந்துவிட்டான். ரேடியேட்டர் கசிவது ஒரு மாதமாகவே எங்களுக்குத் தெரியும். குழாய்த் தண்ணீரை ஊற்றிச் சமாளித்தோம். தப்பு காருடையது அல்ல, எங்களுடையது. ஹெட் வளைந்துவிட்டது, ஒரு சிலிண்டரில் ஆழமாகக் கோடு விழுந்துவிட்டது. என்ஜினை மாற்ற வேண்டும் என்ற பேச்சு அங்கேதான் ஆரம்பித்தது.

மருமகனின் முதல் ஆசை, டர்போ வைத்த பெரிய பெட்ரோல் என்ஜின். "அத்தை, எடுத்ததும் பறக்கும்" என்றான். அவனிடம் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினேன். 1976ல் ஜெர்மனியில் வந்த ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐ இந்த வகைக் கார்களுக்கு முன்னோடி. அதிலும் 1.6 லிட்டர் என்ஜின்தான், 110 குதிரைத்திறன். ஆனால் எடை சுமார் 800 கிலோ. சுறுசுறுப்பு வந்தது குதிரைத்திறனால் மட்டும் அல்ல, அதை எடையால் வகுத்தால் கிடைக்கும் ஈவால். இன்னொன்று, வேகம் 60லிருந்து 90 ஆனால் ஒன்றரை மடங்குதான். ஆனால் பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் இரண்டேகால் மடங்கு. என்ஜினை மட்டும் பெரிதாக்கினால் பிரேக்கும் கியர்பாக்ஸும் ஆக்ஸிலும் பழைய கணக்கிலேயே நிற்கும். அந்தக் காரில் பக்கத்து சீட்டில் உட்காரப்போவது அவனுடைய அம்மா.

அடுத்து டீசல் யோசனை. ஃபியட்டின் 1.3 மல்ட்டிஜெட் நம் நாட்டில் ஸ்விஃப்ட், இண்டிகா விஸ்டா என்று பல கார்களில் ஓடியது. 1248 சிசி, 75 குதிரைத்திறன். நல்ல என்ஜின், உதிரிபாகமும் கிடைக்கும். "மைலேஜ் ரெட்டிப்பாகும்" என்று ஒரு ஒர்க்‌ஷாப்காரர் ஆசை காட்டி 1,60,000 ரூபாய் கேட்டார். ஆனால் பெட்ரோல் காரில் டீசல் என்ஜினை வைக்க வேண்டுமானால் டேங்க், பம்ப், ஒயரிங், கம்ப்யூட்டர், மவுண்ட் எல்லாம் மாற வேண்டும். முன்பக்க எடை கூடும். ஆர்.சி.யில் எரிபொருள் என்ற இடத்தில் பெட்ரோல் என்றல்லவா இருக்கிறது? 1988 மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி, உற்பத்தியாளர் கொடுத்த விவரத்துக்கு முரணாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. நாளைக்கு ஒரு விபத்து என்றால் இன்ஷூரன்ஸ்காரர் முதலில் கையில் எடுப்பது ஆர்.சி.யைத்தான்.

மூன்றாவது வழி, அதே 1.6 என்ஜினைப் பழையதாக வாங்குவது. சென்னை புதுப்பேட்டை வரைக்கும் விசாரித்தான். ஒன்று 45,000 ரூபாய்க்குக் கிடைத்தது. போட்டோ அனுப்பினார்கள். பெரிதாக்கிப் பார்த்தேன். என்ஜின் எண் இருக்க வேண்டிய இடம் பளபளவென்று தேய்க்கப்பட்டிருந்தது. "பில் கிடைக்காது அத்தை, ஆனால் என்ஜின் சூப்பர்" என்றான். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. எண்ணைத் தேய்த்த என்ஜின் யாரோ ஒருவர் பறிகொடுத்த காரிலிருந்து வந்திருக்கலாம். அதைத் தம்பியின் காரில் வைக்க நான் சம்மதிக்க மாட்டேன் என்றேன். நாலு நாள் அவன் என்னோடு பேசவில்லை.

பழைய என்ஜின் வாங்குவதே தப்பு என்று நான் சொல்லவில்லை. பார்த்து வாங்க வேண்டும். நான்கு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் அளவு ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். ஆயில் மூடியைத் திறந்தால் உள்ளே மோர் போல வெள்ளையாக ஒட்டியிருக்கக் கூடாது, இருந்தால் தண்ணீர் ஆயிலில் கலந்திருக்க வாய்ப்புண்டு. எண் தெளிவாக இருக்க வேண்டும். அந்த எண்ணைக் குறிப்பிட்ட பில் வேண்டும். பிறகு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தெரிவித்து, ஆர்.சி.யில் புது எண்ணைப் பதிய வேண்டும். பதினைந்து வருடம் தாண்டிய காருக்கு ஐந்து வருடத்துக்கு ஒரு முறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அப்போது எண் பொருந்தாவிட்டால் காரை வீட்டில் நிறுத்திவைத்து மாலை போட வேண்டியதுதான்.

நாங்கள் கடைசியில் போனது என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த ஒருவனின் ஒர்க்‌ஷாப்புக்கு. கணக்கில் 35க்கே திண்டாடியவன். (பெயர் சொல்ல மாட்டேன், இதைப் படித்துக்கொண்டுதான் இருப்பான்.) டீசல் மாற்றித் தரச் சொல்லி மருமகன் ஏற்கெனவே இவனிடமும் கேட்டிருக்கிறான். நல்ல பணம் வரும் வேலை. "வேண்டாங்க" என்று திருப்பி அனுப்பியிருக்கிறான். என் முன்னால் போர் கேஜை சிலிண்டருக்குள் விட்டு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு வரைக்கும் அளந்து நோட்டில் எழுதினான். பின்னத்தையும் தசமத்தையும் அவன் மண்டையில் ஏற்ற நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அன்றைக்கு ஒரு எண்கூடத் தடுமாறவில்லை. அவனுக்குத் தேவையாக இருந்தது அளக்க ஒரு பொருள். அது எனக்கு அப்போது தெரியவில்லை.

"பிளாக் நல்லா இருக்குங்க டீச்சர். போர் பண்ணி ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டுக்கலாம். ஹெட்டைச் சீவிச் சமப்படுத்திக்கலாம். பிளாக் அதேதானுங்க, அதனால எண்ணும் அதேதான்" என்றான். பேரிங், டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், புது ரேடியேட்டர் எல்லாம் சேர்த்து 1,15,000 ரூபாய். என்ஜின் கீழே இருக்கும்போதே கிளட்சையும் மாற்றிவிடச் சொன்னேன்.

"விற்றால் அவ்வளவு வராத காருக்கு இவ்வளவு செலவா?" என்று தங்கை கேட்டாள். நியாயமான கேள்வி. விற்பதற்காகச் செய்தால் இது முட்டாள்தனம், ஒத்துக்கொள்கிறேன். இன்னும் ஐந்து வருடம் ஓட்டுவதற்கு என்றால் கணக்கு வேறு. அந்தப் பணத்தில் வரும் பழைய கார், யாரோ எப்படியோ ஓட்டிய கார். இந்தக் காரின் ஒவ்வொரு ஸ்குரூவும் எங்களுக்குத் தெரியும்.

ஆகவே என் கருத்து இதுதான். பழைய காருக்கு என்ஜின் தேடும்போது "எது வேகம்?", "எது மலிவு?" என்று முதலில் கேட்காதீர்கள். மற்ற பாகங்கள் எந்த என்ஜினைத் தாங்கும், ஆர்.சி. எதை ஏற்கும் என்று கேளுங்கள். இருக்கும் பிளாக் தேறும் என்றால் அதையே சீர் செய்யுங்கள். தேறாவிட்டால் அதே வகை என்ஜினை பில்லோடு வாங்குங்கள். வேகம் வேண்டுமென்றால் நல்ல டயரும் பிரேக் பேடும் முதலில் போடுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், முள் சிவப்புக்குப் போனால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள், கண்ணுகளா.

பாதிப் பணம் என் பென்ஷனிலிருந்து, பாதி மருமகன் சம்பளத்திலிருந்து. அவன் முகம் இன்னும் முழுசாகத் தெளியவில்லை. நேற்று என்ஜினை ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தபோது மட்டும் "அப்பா ஓட்டும்போது இப்படித்தான் இருக்கும் இல்லைங்க அத்தை" என்றான். ஆமாம் என்றேன். முதல் ஆயிரம் கிலோமீட்டருக்கு விரட்டாமல் ஓட்ட வேண்டும் என்பது ஒர்க்‌ஷாப் உத்தரவு. என் உத்தரவும் அதுதான்.

உங்களில் மெக்கானிக், ஆர்.டி.ஓ. ஏஜென்ட், இன்ஷூரன்ஸ் வேலையில் இருப்பவர்கள் நான் சொன்னதில் பிழை இருந்தால் கீழே எழுதுங்கள். திருத்திக்கொள்கிறேன். உங்கள் பரீட்சைத் தாளை நான் திருத்தாததா!

அன்புடன்,
உங்கள் பழைய அஞ்சாம் வகுப்பு டீச்சர்