பணம் திரும்பியது, சரக்கு திரும்பவில்லை

கண்ணால் பார்க்காத சரக்குக்கு, முகம் தெரியாத கடைக்காரருக்கு முன்பணம் அனுப்ப யாருக்குத்தான் மனம் வரும்? சீன நுகர்வோருக்கும் ஒரு காலத்தில் இந்தத் தயக்கம் இருந்தது. 2003 மே மாதம் ஜாக் மாவின் அலிபாபா நிறுவனம் 'தாவோபாவ்' என்ற இணைய அங்காடியைத் தொடங்கியபோது, அமெரிக்காவின் ஈபே அங்கே முன்பே காலூன்றியிருந்தது. ஈச்நெட் என்ற உள்ளூர் நிறுவனத்தில் பங்கு வாங்கி, கடை போடுகிறவர்களிடம் கட்டணமும் வசூலித்து வந்தது.

தாவோபாவ் கட்டணம் வாங்கவில்லை. அதைவிடப் பெரிய காரியம், அதே ஆண்டு அக்டோபரில் வந்த அலிபே ஏற்பாடு. வாங்குபவர் செலுத்தும் பணம் நடுவில் நிற்கும். சரக்கு கைக்கு வந்து, அவர் சரி என்று சொன்ன பிறகே கடைக்காரரைச் சேரும். இரு தரப்புக்கும் பொதுவான பெரியவரிடம் பணத்தைக் கொடுத்து வைப்பது போலத்தான்.

இன்னொன்று, வாங்குவதற்கு முன் கடைக்காரரோடு பேசும் வசதி. அளவு சரியாக இருக்குமா, சாயம் போகுமா, விலையில் கொஞ்சம் குறைப்பீர்களா என்று கேட்டுக் கேட்டு வாங்குவது சீனர்களின் பழக்கம். கடைக்காரரும் 'சின்' என்று, நெருங்கிய சொந்தக்காரரை அழைப்பதுபோல் அழைத்துப் பதில் சொல்வார். நம் கல்லாவில் நடப்பதும் இதுதானே! 2006 டிசம்பரில் ஈபே தன் சீனத் தளத்தை உள்ளூர்க் கூட்டாளியிடம் ஒப்படைத்து ஒதுங்கியது. 2019 ஜூலையில் அமேசானும் சீன விற்பனையாளர்களுக்காக அங்கே நடத்தி வந்த உள்நாட்டு அங்காடியை மூடியது.

இதுவரை கடைக்காரருக்கும் நல்ல கதைதான். 2014 மார்ச் 15 முதல், இணையத்தில் வாங்கிய பொருளை ஏழு நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே திருப்பித் தரலாம் என்று சட்டம் வந்தது. சீக்கிரம் கெடும் பொருள்களுக்கும், அளவு கொடுத்துச் செய்யச் சொன்னவற்றுக்கும் விலக்கு உண்டு. இதையும் குறை சொல்ல மாட்டேன். பணம் போனாலும் சரக்கு திரும்பி வருகிறது அல்லவா?

வினை வந்தது அதன் பிறகு. பின்துவோதுவோ என்ற மலிவு விலை அங்காடி 2021 வாக்கில் 'பணம் மட்டும் திரும்ப' என்ற முறையைப் புகுத்தியது. வாங்கியவர் குறை சொன்னால் பணம் திரும்பிவிடும். சரக்கும் அவரிடமே இருக்கும். 2023 கடைசியில் தாவோபாவும் ஜேடியும் அதே வழியில் போயின. அழுகிய பழத்தைத் திருப்பி அனுப்பச் சொல்வதில் அர்த்தமில்லை. மலிவான சாமானுக்கு அனுப்பும் கூலியே விலையைத் தாண்டிவிடும். அந்த அளவுக்கு நியாயம் இருக்கிறது. ஆனால் தீர்ப்புச் சொல்வது தளம், நஷ்டப்படுவது கடைக்காரர் என்றால் அது என்ன பஞ்சாயத்து? நல்ல துணியை வைத்துக்கொண்டு பணத்தையும் வாங்கிக்கொண்டவர்கள் மீது, சொற்பத் தொகைக்காக நீதிமன்றம் ஏறிய சிறு வியாபாரிகள் உண்டு. வழக்குச் செலவு சரக்கின் விலையைவிடப் பல மடங்கு என்று தெரிந்தேதான் போனார்கள்.

தாவோபாவ் 2024 ஆகஸ்டில் பிடியைத் தளர்த்தியது. 2025 ஏப்ரலில் பெரிய தளங்கள் பலவும் இம்முறையைக் கைவிடப் போவதாகச் செய்தி வந்தது. வரவேற்கலாம், ஆனால் அது மட்டும் போதாது. கடைக்காரரைக் கேட்காமல் பணத்தைத் திருப்பத் தளம் முடிவு செய்தால், அந்தத் தொகை தளத்தின் கையிலிருந்தே போகட்டும். அடிக்கடி பணம் திரும்பப் பெறுகிறவர் யார் என்பதும், ஆர்டரை ஏற்கும் முன்பே கடைக்காரருக்குத் தெரிய வேண்டும். வாங்குபவரின் பயத்தைப் போக்க ஒரு காலத்தில் பணத்தை நடுவில் நிறுத்திக் காட்டியவர்களுக்கு, விற்பவரின் பயத்தைப் போக்கவும் வழி தெரியாமலா இருக்கும்?